இரண்டாம் பக்கத்தில் வந்த பஸ்

புதிதாக எழுத வந்திருக்கும் உங்களுக்குப் பின்னூட்டம் எழுதுவது எப்படி என்று நாலு வார்த்தை சொல்லும்படி நம் இணைய இதழின் ஆசிரியர் என்னைக் கேட்டிருக்கிறார். மதிலில் காரை மோதியவனைக் கூட்டி வந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பேசச் சொல்வது போன்ற ஏற்பாடு. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மதில் எங்கே இருக்கிறது என்பது மோதியவனுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதானால் அரசாங்கமே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும் ஊர் இது. எனக்கும் போட்டது. அதுவரை ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பு எழுதுவது என் வேலை. அதன் கூடவே இந்த இதழில் பத்து வருடத்துக்கு மேல் நகைச்சுவைப் பத்தி எழுதினேன். போன வருடம் அதையும் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் அது நகைச்சுவை என்று பலர் ஒப்புக்கொண்டார்கள்.

என் பத்தியைவிட, மற்றவர்களின் கதை கட்டுரைகளுக்குக் கீழே நான் எழுதிய பின்னூட்டங்களுக்குத்தான் பேர் அதிகம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் வாசகர் உங்களை முதலில் சந்திப்பது உங்கள் புத்தகத்தில் அல்ல. இன்னொருவருடைய கதைக்குக் கீழே, நீங்கள் எழுதிய ஐந்து வரியில்தான். அங்கே நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உங்கள் புத்தகத்தைத் தேடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ஆகவே பின்னூட்டத்தைச் சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம்.

எனக்கே இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பின்னூட்டம்தான். என் முதல் கட்டுரை வெளியாகி நான்கு நாள் கீழே ஈ எறும்பு இல்லை. ஐந்தாம் நாள் ஒருவர் வந்தார். பேர் கிடையாது, புனைபெயரும் வெறும் இரண்டு எழுத்து. 'மூன்றாவது பத்தியில் அந்த ஹோட்டல்காரர் தோசையைத் திருப்பும்போது மட்டும் பேச்சை நிறுத்துகிறார். அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நன்றி.' அவ்வளவுதான். 'அருமை', 'சிறப்பு', 'வாழ்த்துகள் தோழர்' எதுவும் இல்லை. ஆனால் அந்த மனிதர் மூன்றாவது பத்தி வரை வந்திருக்கிறார், தோசைக்கல் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் அதை வைத்தே ஓட்டினேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டு, பிறகு நகர்ந்துகொள் என்பது அவர் எனக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்த வேலை.

முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். நகர்ந்துகொள்வதுதான் வரவில்லை.

வருடம் போகப் போக என் பின்னூட்டங்கள் வளர்ந்தன. ஐந்து வரி பதினைந்தாகி, பதினைந்து நாற்பதாகி, சில சமயம் மேலே இருக்கும் கவிதையைவிட நான்கு மடங்காகி, கவிதைதான் என் பின்னூட்டத்துக்கு ஒரு முன்குறிப்பு மாதிரி தெரியும். 'சார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே' என்று கேட்க ஆட்கள் வந்தார்கள். இது மிகவும் ஆபத்தான கட்டம். உங்களில் யாருக்காவது இப்படி ஆட்கள் வந்துவிட்டால் ஒரு வாரம் போனை அணைத்துவிட்டு எங்கேயாவது போய் வாருங்கள். நான் போகவில்லை. காலையில் கோயில் குளத்தைச் சுற்றி ஒரு நடை, வந்ததும் காபி, காபியோடு போனில் நாலைந்து கதை, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தீர்ப்பு.

அப்படி ஒரு காலையில் வந்ததுதான் புஷ்பலதாவின் கதை.

புஷ்பலதா கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் வளர்ந்தவர். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே கதை எழுதுவார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்தது கதை மட்டும்தான். 'நாலு மணி பஸ்' என்று பேர்.

எஸ்டேட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. புருஷனும் பக்கத்து லயத்து அக்காவும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்து கொண்டையூசி வளைவில் நிற்கிறார்கள். கீழே இறங்க அன்றைக்கு மிச்சம் இருப்பது நாலு மணி பஸ் ஒன்றுதான். அதுவும் சில நாள் வரும், சில நாள் வராது. மூடுபனி ஏறி வருகிறது. பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை. காத்திருக்கிறார்கள். அவள் சத்தம் போடாமல் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில், 'பனிக்குள் மஞ்சளாக இரண்டு வெளிச்சம் தெரிந்தது.'

முடிந்தது. கீழே ஒரு நகைக்கடை விளம்பரம், அதற்கும் கீழே 'நீங்கள் விரும்பக்கூடியவை' என்று நான் விரும்பாத நாலு தலைப்பு.

எனக்குக் காபி ஆறிவிட்டது. உண்மையிலேயே நல்ல எழுத்து. உடனே எழுத ஆரம்பித்தேன். நான் எழுதியதில் நடுவில் இரண்டு வாக்கியம் வருமாறு: 'அந்த வெளிச்சம் பஸ்ஸா, வேறு ஏதாவதா என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்தத் தெரிந்ததே இந்தக் கதையின் கலை.' இதன் முன்னும் பின்னும் முப்பது வரி. முடிவுகளைப் பற்றி, முடிக்காமல் விடுவதைப் பற்றி, வாசகனை நம்புவதைப் பற்றி.

மளமளவென்று ஆமோதிப்புகள் வந்தன. 'நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த முடிவின் கனம் புரிந்தது சார்.' 'அந்த இரண்டு வெளிச்சமும் இரண்டு கண்கள் என்று எனக்குத் தோன்றியது.' இப்படிப் பதினாறு பேர்.

ஒரே ஒருவர் மட்டும், 'நெடுமங்காட்டான்' என்ற பெயரில், இப்படிக் கேட்டிருந்தார்: 'அதான் பஸ் வந்துருச்சே சார்?'

அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே அப்படியே தருகிறேன். படிக்கும்போது உங்களுக்குக் கூசினால் பரவாயில்லை, எனக்கும் கூசுகிறது. 'வந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் இந்தக் கதையின் வெற்றி.'

அந்த நல்ல மனிதர் உடனே, 'மன்னிக்கணும் சார், எனக்கு அவ்வளவு இலக்கியம் தெரியாது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் புஷ்பலதா போன் செய்தார். நாகர்கோவிலில் ஒரு சின்னப் பதிப்பகம் அவருடைய கதைகளைப் புத்தகமாகப் போடுகிறதாம்.

“முன்னுரை நீங்கதான் எழுதணும் சாரே. நீங்க அன்னைக்கு எழுதுனத பாத்துட்டுத்தான் பதிப்பகத்துக்காரரே கூப்பிட்டாரு.”

“சந்தோஷம். தாராளமா எழுதறேன்.”

“அம்மைக்கு இப்பவே இருக்கப் பொறுக்கல. வாசிக்கத் தெரியாது சாரே. புஸ்தகம் வந்ததும் நான் லயத்துக்குப் போயி வாசிச்சுக் காட்டணும். அந்த பஸ்காரங்களப் பத்தி எழுதிட்டியா, எழுதிட்டியான்னு, வளைவு வரைக்கும் எறங்கி வந்து போன் போடும்போதெல்லாம் கேக்கும்.”

எந்த பஸ்காரர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு சாதாரண ஆள் கேட்டிருப்பான். நானோ, வராத பஸ்ஸைப் பற்றி ஒரு தாய் விசாரிக்கிறாள், இதையும் முன்னுரையில் சேர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் கோப்பு வந்தது. படித்தேன். 'நாலு மணி பஸ்' அதில் கடைசிக் கதை; எனக்குத் தெரிந்தபடியே மஞ்சள் வெளிச்சத்தில் முடிந்தது. ஐந்து பக்கத்துக்கு முன்னுரை எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் அச்சுக்குப் போகிறது என்று பதிப்பாளர் தகவல் அனுப்பினார்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை. முன்னுரையில் என் பின்னூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன? சொந்த வாக்கியத்தின் மேல் ஆசை வைத்தவனுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று பாருங்கள். போனில் வெட்டி ஒட்டுவது எனக்குச் சரியாக வராது. மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, உயிர் கொடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெரிய திரை. நகைக்கடை விளம்பரம் ஓரத்துக்குப் போய்விட்டது. கதையின் கடைசி வரிக்குக் கீழே, போனில் விளம்பரத்தின் அடியில் நான் ஒருநாளும் பார்க்காத இரண்டு எண்கள், நீல நிறத்தில், சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

1 2.

இரண்டை அழுத்தினேன். முதல் வரி: 'பஸ்தான்.'

உள்ளே வந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“ஏன்னா, என்ன இப்படி வேர்த்துக் கொட்டறது? பிரஷர் மாத்திரை போட்டுண்டேளா?”

“பஸ் வந்துடுத்து.”

“எந்த பஸ்?”

“பொன்முடி பஸ்.”

“வந்தா நல்லதுதானே. அதுக்கு ஏன் இப்படி முழிக்கறேள்?”

இரண்டாம் பக்கத்தில் நடப்பது இதுதான். பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளை ஏற்றுகிறார்கள். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸின் நடுவில் நின்று சத்தமாகக் கேட்கிறார்: நெடுமங்காடு ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிற்காமல் போகட்டுமா? யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் மலையிறங்கி, ஊர் ஊராகக் கடந்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒருவர்கூடப் பெல் கயிற்றைத் தொடவில்லை. கல்லாரில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. விதுராவில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. தொளிக்கோட்டில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கிறார். தன் ஸ்டாப் பின்னால் போவதைக் குனிந்து பார்க்கிறார். மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறார். குழந்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறக்கிறது. பெண் குழந்தை. அந்தப் பயணிகள் எப்படித் திரும்பிப் போனார்கள் என்று அந்தத் தாய்க்குக் கடைசிவரை தெரியவில்லை என்பதோடு கதை முடிகிறது.

புஷ்பலதாவின் அம்மா கேட்ட பஸ்காரர்கள் இவர்கள்தான். அந்தப் பெண் குழந்தை யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அத்தனை பேரையும் புத்தகத்திலிருந்து நான் இறக்கிவிட்டிருக்கிறேன். என் பேச்சை நம்பிப் புஷ்பலதா தன் கதையைப் பாதியில் வெட்டியிருக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அது அச்சாகிவிடும். அதன் பிறகு ஒரு நாள் மலைமேல் ஒரு லயத்தில் மகள் வாசிக்க வாசிக்க, பஸ் வராமலே கதை முடியும்.

முப்பது வருடம் கோப்புகளில் நான் செய்ததும் இதேதான். மேல் தாளைப் பார்ப்பேன், 'பார்த்தேன், பரிசீலிக்கலாம்' என்று எழுதுவேன், அடுத்த மேஜைக்குத் தள்ளுவேன். அங்கே அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த மேஜைக்காரரும் அப்படித்தான். கதையில் அடுத்த மேஜை கிடையாது.

இந்த மாதிரி நேரத்தில் மூளை மிக வேகமாகவும் மிகக் கேவலமாகவும் வேலை செய்யும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். முதலில் வந்த யோசனை, பின்னூட்டத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுவது. நீக்கினால் பதினாறு ஆமோதிப்பும் எதை ஆமோதிக்கிறோம் என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும்; ஆனால் அது என் கவலை இல்லையே. இரண்டாவது யோசனை இன்னும் நாசூக்கானது: பாதியில் நின்றாலும் கதை நன்றாகத்தானே இருக்கிறது? ஒருவேளை அப்படித்தான் நன்றாக இருக்கிறதோ? தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லிவிட்டேனோ?

முதல் யோசனையை விரட்டுவது சுலபம். இரண்டாவது அப்படிப் போகாது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. முதல் பக்கம் தனியாகவும் நிற்கும். அதனால் நான் செய்தது, மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு பக்கத்தையும் படிக்கச் சொன்னதுதான். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுப்பவள். என் பின்னூட்டங்களை ஒருநாளும் படித்தது கிடையாது. அதனால்தான் எங்கள் குடும்பம் இன்னும் ஓடுகிறது.

முழுதும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“முதல் பக்கத்தோட நிறுத்திட்டா எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“அழகாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கிழவர் எங்க உக்காருவர்?”

நான் கம்ப்யூட்டர் திரையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

“யாராவது நிறுத்தச் சொன்னாளோ?”

“ஆமாம்.”

“நன்னா இருக்கு. எந்த மண்டூகம் அது?”

யார் என்று சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. “போய் போன் பண்ணுங்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்று மாலை முழுதும் புஷ்பலதாவின் போன் எடுக்கப்படவில்லை. சனிக்கிழமை, துணிக்கடையில் பில் போடுகிறவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிடைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

“புஷ்பலதா, உங்க கதைக்கு ரெண்டாம் பக்கம் இருக்குன்னு எனக்கு நேத்திக்குத்தான் தெரியும்.”

“எனக்கு அன்னைக்கே தெரியும் சாரே” என்றார்.

“என்னது?”

“பஸ்ஸா வேற எதாவதான்னு எழுதியிருந்தீங்கல்லா. அப்பவே தெரிஞ்சுபோச்சு, சாரு அடுத்த பக்கம் போகலன்னு.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“எப்படிச் சாரே சொல்லுவேன்? அத்தனை பேரு வந்து ஆமா ஆமாங்காவ. நீங்க முப்பது வரி எழுதியிருக்கீங்க. நெடுமங்காட்டுக்காரரு ஒருத்தரு வாயத் தொறந்தாரு, அவரையும் உக்கார வச்சிட்டீங்க.”

இந்த இடத்தில் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, தெரிஞ்சும் ஏன் வெட்டினீங்க? நான் படிக்காம சொன்னதுன்னு தெரிஞ்சே?”

“அதனாலதான் சாரே வெட்டினேன். நல்லா இருந்தா நீங்க தேடிப் போயி அடுத்த பக்கத்த படிச்சிருப்பீங்கல்லா? பதினேழு பேரு அந்த வெளிச்சத்தோடயே திரும்பிப் போயிட்டாவன்னா, பொறவு என்ன நடந்துன்னு ஒருத்தருக்கும் வேண்டியிருக்கலன்னுதானே அர்த்தம். அம்மைக்கிட்ட மட்டும் என்ன சொல்லன்னு தெரியாம இருந்தேன்.”

நண்பர்களே, எனக்கு இந்த வயதுவரை கிடைத்த விமரிசனங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை. நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் நின்ற இடத்தை நம்பியிருக்கிறார். நாம் எழுதும் வார்த்தைகளை மட்டும்தான் எதிரே இருப்பவர் படிக்கிறார் என்று நினைக்கிறோம். எதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்கிறார், அதிலும் முதல் கதை எழுதியவர்.

“அதைத் திரும்பச் சேர்த்துடுங்கோ” என்றேன். பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

“சாரே, ஒண்ணு கேக்கட்டா? மனசு உறுத்துதுன்னு சொல்லுததா, இல்ல உள்ளதே அது நல்லாருக்கா?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட ஐந்து நொடிதான் இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காக யோசித்த நேரம் என்று நினைக்கிறேன்.

“ரெண்டும். உறுத்தறது என் பாடு, அதை நான் பார்த்துக்கறேன். ஆனா தொளிக்கோட்டுல அந்தக் கிழவர் எழுந்து நின்னு, பாத்துட்டு, மறுபடியும் உக்காந்துக்கறாரே, அந்த ஒரு இடத்துக்காக மொதல் பக்கம் முழுக்கக் காத்துண்டிருக்கலாம். ரெண்டாம் பக்க ஆரம்பத்துல டிரைவரைப் பத்தி மூணு வரி அதிகம், அதை எடுத்துடலாம். கிழவர் மேல கை வைக்காதீங்கோ.”

குறை ஒன்றையும் சேர்த்துச் சொன்னதுதான் அவரை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். குரலே மாறிவிட்டது.

“அந்த வயசான அப்பாப்பன் நெசமாவே உள்ளதுதான் சாரே. சங்கரனோ சுகுமாரனோ, அம்மைக்குப் பேரு தெரியாது. மேல்துண்டு மட்டும் ஞாபகம் இருக்கு, பச்சைக் கரைன்னு சொல்லும்.” பிறகு, “ஆனா நாளைக்கு அச்சுக்குப் போகுதே, இனி நான் போயி மாத்துன்னு கேட்டா அவங்க என்ன நினைப்பாங்க?” என்றார்.

“நீங்க கேக்க வேண்டாம். நான் கேக்கறேன்.”

பதிப்பாளர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதைப் பெரிதுபடுத்தவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை 'ம்' கொட்டினார். பிறகு இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“சார், விஷயம் என்னன்னா, அட்டை அடிச்சாச்சி. நாலு புஸ்தகத்துக்குச் சேத்து ஒரே தாள்ல அடிச்சதாக்கும். முதுகு இன்ன கனம்னு அளந்து போட்டாச்சி. உள்ள நாலஞ்சு பக்கம் கூடுனா பதினாறு பக்கத் தாளு இன்னொரு பாரம் ஏறும், முதுகு நிக்காது. வேற கதை எதையாவது எடுத்தாத்தான் உண்டு.”

புஷ்பலதாவின் இன்னொரு கதையை எடுப்பதா? பிறகு நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? அப்போதுதான், என் இலக்கிய வாழ்வில் முதல்முறையாக, ஒரு பயனுள்ள யோசனை வந்தது.

“என் முன்னுரை எத்தனை பக்கம்?”

“அஞ்சு.” அவருக்கும் பிடிபட்டுவிட்டது. “சார், அது வேண்டாம் சார். உங்க முன்னுரை...”

“அதுல என்ன எழுதியிருக்கேன்னு படிச்சேளா?”

“சொல்லாமல் விடுவதன் கலைன்னு...”

“அதையே சொல்லாம விட்டுடலாம். கதையோட ரெண்டாம் பாதி எத்தனை பக்கம் வரும்?”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “அஞ்சு பக்கமும் நாலு வரியும்.”

“டிரைவரைப் பத்தின மூணு வரி போயிடும்.”

“மிச்சம் ஒரு வரிய நான் இழுத்துப் பிடிச்சிக்கிடுதேன்.”

நாற்காலியில் சாய்ந்தேன். அப்படி ஒரு நிம்மதி. ஐந்து பக்கம் எழுதி வெளியாகாமல் போனதற்காக ஒரு எழுத்தாளன் இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பானா, தெரியவில்லை. நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன்.

“சார், இன்னொண்ணு.” அவர் குரல் தாழ்ந்தது. “பின்னட்டையில உங்க வரி ரெண்டு போட்டிருக்கோம்.”

“எந்த வரி?”

“அந்த வெளிச்சம் பஸ்ஸா, வேற ஏதாவதான்னு...”

“ஐயோ. எடுக்க முடியாதா?”

“அச்சாகி காய்ஞ்சும் போச்சி.”

“மேல ஸ்டிக்கர் ஒட்டலாமே?”

“ஒட்டலாம். ஆனா ஸ்டிக்கர் ஒட்டினா எல்லாவனும் அதைத்தான் மொதல்ல சுரண்டிப் பாப்பான் சார். சும்மா விட்டா ஒருத்தனும் படிக்க மாட்டான்.”

அனுபவஸ்தர். விட்டுவிட்டேன். ஆகவே அந்தப் புத்தகத்தின் உள்ளே பஸ் வரும். பின்னட்டையில் என் பெயரோடு, வரவில்லை. வாங்கிப் பாருங்கள்.

மிச்சம் இருந்தது பொதுவில் சொல்வது. தனியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டதே, அது போதாதா என்று உள்ளே ஒரு குரல் வாதாடியது. போதாது. பிழையைப் பதினேழு பேர் முன்னால் செய்துவிட்டுத் திருத்தத்தை மட்டும் ஒருவர் காதில் சொல்லக் கூடாது. பழைய பின்னூட்டத்தை நீக்கவும் இல்லை, தொடவும் இல்லை. அதன் கீழே எழுதினேன்: 'நெடுமங்காட்டான் அவர்களுக்கு: பஸ் வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி. இந்தக் கதைக்கு இரண்டாம் பக்கம் உண்டு. நான் அதைப் படிக்காமலே முப்பது வரி எழுதினேன், உங்களையும் வாயடைத்தேன். மன்னியுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து கீழே இரண்டு என்ற எண்ணை அழுத்தவும்.'

அழுத்தி அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். பத்து வருடம் சேர்த்த பேர் போச்சு என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், 'நானும் படிக்கவில்லை சார்' என்று ஒருவர். 'நானும்தான்' என்று இன்னொருவர். இரண்டு வெளிச்சமும் இரண்டு கண்கள் என்று எழுதியவர், 'ஹெட்லைட்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் பதினாறு பேரில் பதினோரு பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதி ஐந்து பேர் அன்றும் அடுத்த பக்கம் போகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நெடுமங்காட்டானின் பதில் மறுநாள் வந்தது. 'அப்பாடா. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து அந்தக் கதையை நாலு தடவை படித்தேன் சார். நாலு தடவையும் பஸ் வந்தது.'

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? கடைசி வரி வரை படியுங்கள், அதற்குக் கீழேயும் ஒருமுறை பாருங்கள் என்பது சரிதான், ஆனால் அதற்கு நான் எதற்கு? எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நீங்கள் பெரிதாகப் பாராட்டிய இடத்தில் யாராவது ஒருவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டால், பதில் எழுதும் முன் அவர் எதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று போய்ப் பாருங்கள். என் விஷயத்தில் அன்று அதற்குப் பத்து நொடி ஆகியிருக்கும். அழகான பதில் எழுத எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது.

புத்தகம் வந்தது. புஷ்பலதா ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பொன்முடிக்குப் போனார். லயத்தில் போன் எடுக்காது. வளைவு வரை இறங்கி வந்தால்தான் கிடைக்கும். மத்தியானம் அங்கிருந்து கூப்பிட்டார். காற்றுச் சத்தம் பலமாக இருந்தது.

“வாசிச்சாச்சு சாரே. மொத்தம் வாசிச்சேன்.”

“அம்மா என்ன சொன்னா?”

“பஸ் வந்ததும் வாயப் பொத்திக்கிட்டு அழுதுது. தொளிக்கோட்டுல அப்பாப்பன் உக்காந்ததும் ஒரே சிரிப்பு. துண்டுக் கரைய எழுதலியேன்னு மட்டும் குறை. இதா பக்கத்துலதான் நிக்குது, பேசச் சொன்னா வெக்கப்படுது.”

“பரவாயில்லை. இருக்கட்டும்.”

“சாரே, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. புஸ்தகத்தத் திருப்பி, பின்னால என்ன எழுதியிருக்குன்னு கேட்டுது. நான் வேற வழியில்லாம வாசிச்சிட்டேன்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். “அதுக்கு என்ன சொன்னா?”

புஷ்பலதா சிரித்துவிட்டார். சிரிப்புக்கு நடுவில், பின்னால் யாரோ அவரை அதட்டுவது கேட்டது. பிறகு போன் கை மாறுகிற சத்தம். காற்று. அதன் பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல், தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாக:

“சாரே, பாதி வழியில எறங்கிட்டீங்க போல. சாரமில்ல, பரவாயில்ல. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கிடுங்க.”